கரகரப்பின் தொழில்: அவியல் இசைக்குழுவும் கல்லாற்றுக் கொக்கரையும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்கு ஏறும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்குச் சற்று முன் வரும் கல்லாறு, பெயரிலேயே தன் இயல்பைச் சொல்லிவிடும் ஊராகும். அங்கு ஆற்றில் நீரைவிட உருண்டைக் கற்களே முதலில் கண்ணில் படும். ஊரை ஒட்டிய காட்டுக் குடியிருப்புகளில் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர்; 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்ற நாட்டு மருத்துவர் லட்சுமிக்குட்டி அம்மா இவர்களுள் ஒருவர். காணிக்காரரின் மூலிகை அறிவைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவர்களது கொக்கரை என்னும் இசைக்கருவியைப் பற்றி எழுதப்படவில்லை. இரும்புத் தகட்டைக் குழல்போல் வளைத்து, விளிம்பில் பல் பல்லாக வெட்டி, அப்பற்களின் மீது சிறு இரும்புக் கோலை உரசி எழுப்பப்படும் இதன் ஒலி இனிமையை நாடுவதே இல்லை. நோயும் தீங்கும் நீங்க வேண்டிப் பாடப்படும் சாற்றுப்பாட்டில், பாடுபவரின் குரலுக்கு அடியில் இரும்பு இரும்பை உரசும் அக்கரகரப்பு இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

இவ்வொலியை மனத்தில் இருத்திக்கொள்வது, இதே மாவட்டத்தில் கிதாரும் டிரம்ஸும் கொண்டு இளைஞர்கள் நடத்திய வேறொரு கரகரப்பைப் புரிந்துகொள்ளத் துணையாகும். பங்க் என்பது 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுந்த, மூன்று நான்கு கார்டுகளில் வேகமாக முடிந்துவிடும், தேர்ச்சியைவிடத் துணிச்சலை மதித்த பாட்டுமுறை; கிரஞ்ச் என்பது 1980களின் நடுவில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பங்கின் மூர்க்கமும் ஹெவி மெட்டலின் கனமும் கலந்து பிறந்து, 1991இல் நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ தொகுப்பால் உலகெங்கும் பரவிய முறை. இரண்டுக்கும் உயிர்நாடி டிஸ்டார்ஷன் எனப்படும் ஒலிச்சிதைவு. கிதாரின் மின்னலையை ஆம்ப்ளிஃபயர் தாங்கும் அளவுக்கு மேல் பெருக்கினால் அலையின் முகடுகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகின்றன; வெட்டுப்பட்ட அவ்விடத்திலிருந்து மூல ஒலியில் இல்லாத மேற்சுரங்கள் பல பிறந்து, சுரத்தைச் சூழ்ந்து இரைகின்றன. காலால் மிதித்து இயக்கும் பெடல் என்ற சிறு பெட்டி இதையே குறைந்த ஒலியளவிலும் செய்து தருகிறது. கொக்கரைக்கும் பெடலுக்கும் வரலாற்று உறவு ஏதுமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆனால் கரகரப்பைக் குறையாகக் கருதாமல் அதையே தேடிச் செய்யும் கைவினை இம்மண்ணுக்குப் புதிதன்று என்பது மட்டும் உறுதி.

கேரளத்தில் ராக் இசை நெடுங்காலம் ஆங்கிலத்திலேயே வாழ்ந்தது. 1970களின் இறுதியில் கொச்சியில் உருவாகி, விடுதி மேடைகளில் வாசித்துப் பெயர் பெற்ற 13 ஏ.டி. குழுவும், 1996இல் அதே நகரில் தொடங்கிய மதர்ஜேன் குழுவும் ஆங்கிலத்தில் பாடியவை. மதர்ஜேனின் கிதார் கலைஞர் பைஜு தர்மஜன் கருநாடக இசையின் கமகங்களை மின்கிதாரின் கம்பிகளில் கொண்டுவந்தபோதும் பாட்டின் சொற்கள் மாறவில்லை. பிறர் பாடல்களை அச்சுப்பிசகாமல் வாசிப்பதைக் ‘கவர்’ என்பர். கல்லூரி விழாக்களின் ராக் போட்டிகளில் கவர் வாசித்துக் கை பழகிய பின்னரே சொந்தப் பாட்டுக்கு வருவது வழக்கமாயிருந்தது. அச்சொந்தப் பாட்டும் ஆங்கிலத்தில் அமைந்தால்தான் ராக் என்று ஏற்கப்பட்டது. எனவே இங்கு அண்டர்கிரவுண்ட் என்ற சொல்லுக்கு, அதாவது பெருநிறுவனங்களுக்கும் வானொலிக்கும் வெளியே புழங்கும் இசை என்பதற்கு, ஒரு விசித்திரமான பொருள் சேர்ந்துவிட்டது: திரையிசைக்கு வெளியே நின்றவர்கள் தாய்மொழிக்கும் வெளியே நின்றார்கள்.

2003இல் திருவனந்தபுரத்தில் உருவான அவியல் குழு உடைத்தது தாய்மொழிக்கு வெளியே நிறுத்திய இந்த இரண்டாவது வேலியைத்தான். டோனி ஜானும் ஆனந்தராஜ் பெஞ்சமின் பாலும் சேர்ந்து உருவாக்கிய ‘நட நட’ என்ற பாடலின் வழியே அறிமுகமான இக்குழு, ஆனந்தராஜ் விலகிய பின் டோனி ஜானின் குரலும் டர்ன்டேபிளும், ரெக்ஸ் விஜயனின் கிதாரும், பின்னி ஐசக்கின் பேஸும், மிதுன் புத்தன்வீட்டிலின் டிரம்ஸும் கொண்டதாக நிலைபெற்றது. டர்ன்டேபிள் என்பது இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் உரசிப் புது ஒலி எழுப்பும் கருவி. இங்கும் உரசல்தான் தொழில். 2008இல் மும்பையின் ஃபாட் ஃபிஷ் நிறுவனம் வெளியிட்ட ‘அவியல்’ தொகுப்பில் எட்டுப் பாடல்கள், எல்லாம் மலையாளம். மதர்ஜேனின் ‘மக்தூப்’ வெளிவந்ததும் அதே ஆண்டே என்பதால், ஒரே மாநிலத்தின் இரு வழிகளையும் அருகருகே வைத்துக் கேட்க முடிகிறது. பல காய்கறிகள் சேர்ந்தும் ஒவ்வொன்றும் தன் சுவை கெடாத உணவின் பெயரைக் குழுவுக்கு வைத்ததில் நகைச்சுவை உண்டு. ஆனால் காய்கள் எவை என்பதில் அவர்கள் விளையாடவில்லை.

தமிழ் வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டிய பாடல் ‘ஆடு பாம்பே’. இதன் சொற்கள் நாராயண குரு இயற்றிய ‘குண்டலினிப் பாட்டு’க்கு உரியவை. குண்டலினி என்பது முதுகுத்தண்டின் அடியில் பாம்பாகச் சுருண்டு கிடப்பதாக யோகநூல்கள் உருவகிக்கும் ஆற்றல். அப்பாம்பை விளித்து ஆடச் சொல்லும் மரபு தமிழில் பாம்பாட்டிச் சித்தருடையது. நாராயண குரு தமிழ் நன்கு கற்றவர், தமிழிலும் பதிகங்கள் பாடியவர், குமரி மாவட்டத்து மருத்துவாழ்மலையில் தவமிருந்தவர். அவருக்கு யோகம் பயிற்றிய தைக்காடு அய்யாவு சுவாமிகளும் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த தமிழரே. ஆக, சித்தர் பாட்டின் விளி மலையாளத்துக்குள் புகுந்து, ஒரு நூற்றாண்டுக்குப் பின் டிஸ்டார்ஷன் பெடலின் வழியாக வெளிவந்திருக்கிறது. பாட்டில் மீண்டும் மீண்டும் வரும் விளியே ராக் இசைக்கு வேண்டிய அடுக்கைத் தந்துவிடுவதால் கிதார் அதிகம் அலங்கரிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்து வெறியேற்றும் முறை சித்தர் பாட்டுக்கும் கிரஞ்ச்சுக்கும் பொதுவாகவே அமைந்தது. தொகுப்பின் மிகச் சிறந்த முடிவு இப்பாட்டைத் தேர்ந்ததுதான் எனலாம்.

அதற்குப் பிந்தைய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். 2011இல் வந்த ‘சால்ட் அண்ட் பெப்பர்’ படத்தில் அவியலின் ‘ஆனக்கள்ளன்’ இடம்பெற்றது. அதே ஆண்டு ‘சாப்பா குரிசு’க்கும், 2013இல் ‘நீலாகாசம் பச்சக்கடல் சுவன்ன பூமி’க்கும் ரெக்ஸ் விஜயன் இசையமைத்தார். வேலிக்கு வெளியே தொடங்கியவர்களைத் திரைப்படமே அழைத்துக்கொண்டது. இதைச் சமரசம் என்று குறைகூறுவோர், கருவி, ஒலிப்பதிவு, பயணம், வாடகை அனைத்தையும் வாசிப்பவரே சுமக்க வேண்டிய ஒரு தொழிலில், தவறாமல் கூலி தரும் முதலாளி கேரளத்தில் திரைப்படத்தைத் தவிர வேறு யார் என்று சொல்ல வேண்டும். 2013இல் ‘வயலண்ட் ரிடெம்ப்ஷன்’ தொகுப்பை வெளியிட்ட திருவனந்தபுரத்து மெட்டல் குழுவான கேயாஸ் அவ்வழியே போகவில்லை. ஆங்கிலத்தில் பாடும் அக்குழுவுக்கு அந்த அழைப்பு வருவதற்கான வாய்ப்பும் குறைவு. தாய்மொழியே அவியலை அண்டர்கிரவுண்டிலிருந்து வெளியே கொண்டுவந்த கதவாகவும் இருந்தது என்பதே இவ்வரலாற்றின் முரண். சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடையேறிய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவும், கானாவையும் ராக்கையும் சேர்த்து, பேச்சுத்தமிழையே ஆயுதமாக்கியபோது இதே பாதையின் வேறொரு கிளையில் நடந்தது; ஆனால் அதன் சாதி எதிர்ப்பில் இருந்த நேரடித்தன்மை அவியலிடம் இல்லை.

களப்பயணமாகக் கல்லாற்றுக்கு வருபவர், மேடையையோ ஒலிப்பதிவுக் கூடத்தையோ காணப்போவதில்லை. மலைக்கு ஏறும் வண்டிகளின் ஒலிபெருக்கிகளில் வருவது பெரும்பாலும் திரைப்பாட்டே, அதிலும் ரெக்ஸ் விஜயன் தலைமுறையினர் கொண்டுவந்த மின்கிதார் இன்று யாருக்கும் அந்நியமாகப் படுவதில்லை. கொக்கரைக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. காணிக்காரரின் பேச்சில் தமிழ் நிறைந்திருப்பதாலும், அவர்களின் உறவினர் பேச்சிப்பாறை முதல் பாபநாசம் வரை மலையின் இப்புறமும் வாழ்வதாலும், சாற்றுப்பாட்டைத் தக்க கருவிகளோடு பதிவு செய்யும் பொறுப்பு கேரளத்து நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் நாட்டார் வழக்காற்றியல் துறைகளும் இதில் இறங்க வேண்டும். அவியலைக் கேட்க விரும்பும் தமிழ் வாசகர் ‘ஆடு பாம்பே’யிலிருந்து தொடங்கலாம், அதன் முதல் இரண்டு சொற்களுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.