மூடிக்கு இருபத்தெட்டாயிரமா?

தீபாவளி போனஸ் கையில் வந்த அன்று, என் மகன் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டி, "அம்மா, இது எப்படியிருக்கு?" என்றான். கறுப்பு நிறத்தில், வரிவரியாகப் பட்டை போட்ட ஓர் அலுமினியத் தட்டு. குக்கர் மூடிக்கும் இட்லித் தட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாதிரி இருந்தது.

"என்னடா, எனக்குப் புது குக்கரா?"

"ஐயோ அம்மா! இது கிரவுனுக்குப் பின்னாடி போடற மூடி. அப்பா வண்டிக்கு. அமெரிக்காவிலேர்ந்து வரணும். எல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம் ஆகும்."

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவர். கணக்கு எழுதுவது நான். டீசல் பிக்-அப் வண்டி. ராத்திரி 1 மணிக்கு முடிச்சூரிலிருந்து கிளம்பினால், பைபாஸ் பிடித்து கோயம்பேட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு, விடிவதற்குள் தாம்பரம் மார்க்கெட்டுக்கும் சேலையூர், மேடவாக்கம் கடைகளுக்கும் இறக்கிவிட்டு வருவார். பகலில் டைல்ஸ், சிமென்ட் என்று கிடைத்த லோடு. டயர், எஃப்.சி., இன்ஷூரன்ஸ், பஞ்சர் என்று எல்லாச் செலவும் என் நீல நிற நோட்டில் இருக்கும். செய்த செலவு மட்டுமல்ல, தள்ளிப்போட்ட செலவையும் எழுதி ஒரு வட்டம் போட்டு வைப்பது என் பழக்கம். இந்த வட்டத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கிரவுன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோடு வண்டிக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு இரும்பு உருண்டை தெரியும். அதுதான் டிஃபரன்ஷியல். இன்ஜினிலிருந்து நீளமாக வரும் தண்டின் சுழற்சியைத் திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது அதற்குள் இருக்கும் பல்சக்கரங்கள். சிறியது பினியன், பெரியது கிரவுன். கேம்ப் ரோடு சந்திப்பில் வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பதும் அதே உருண்டைதான்.

அத்தனை வேலை செய்யும் அந்த இடத்தில் இருப்பது ஓரிரண்டு லிட்டர் ஆயில். "தொண்ணூறு ஆயில்" என்பார்கள். கந்தக வாடை அடிக்கும். அதை இறைக்கத் தனியாக பம்ப் எதுவும் கிடையாது. கிரவுன் வீல் பாதி ஆயிலில் முங்கியபடி சுற்றும்போது அதுவே வாரி மேலே அடித்துக்கொள்ளும்.

மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன். அவன் சொன்ன நியாயம் இதுதான்: அலுமினியம் சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். மூடி ஆழமாக இருப்பதால் ஆயில் கூடுதலாகப் பிடிக்கும். உள்ளே காந்தம் வைத்த டிரெயின் பிளக் இருப்பதால் இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். "அமெரிக்காவுல பெரிய டீசல் பிக்-அப் வெச்சிருக்கிறவங்க நிறைய பேர் இதைப் போடறாங்கம்மா. இன்னொரு தடவை கிரவுன் போச்சுன்னா அப்பா தாங்க மாட்டாரு."

"இன்னொரு தடவை" என்று அவன் சொன்னதும் எனக்குப் பேச்சு வரவில்லை.

மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் சேர்ந்து அடையாறாக ஓடுவது எங்கள் முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான். 2015 டிசம்பர் 1ஆம் தேதி பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. ராத்திரியோடு ராத்திரியாக ஹவுஸ் ஓனர் வீட்டு மாடிக்கு ஏறினோம். மாடியிலிருந்து பார்த்தால் எங்கள் வண்டியின் தலை மட்டும் தெரிந்தது. இரண்டு நாள் அப்படியே நின்றது.

தண்ணீர் வடிந்ததும் இன்ஜின் ஆயில், ஃபில்டர், ஸ்டார்ட்டர் மோட்டார் எல்லாம் பார்த்தோம். மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, கிரவுன் ஆயிலையும் இறக்கிப் பார்த்துடலாம். ஆயிரம் சொச்சம்தான் ஆகும்."

அப்போது வீட்டில் மெத்தை இல்லை, அடுப்பு இல்லை, பையனின் பிளஸ் டூ புத்தகங்கள் கூட ஊறிப்போயிருந்தன. வண்டி ஓடுகிறதே என்று நினைத்தேன். "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்" என்று அவரிடம் சொன்னது நான்தான்.

பிப்ரவரியில் வண்டியின் பின்பக்கம் 'ஙொய்ங்' என்று அழ ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் அழுகை கூடியது. ஒரு நாள் காலை, பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டில் முழு லோடோடு பெரிய சத்தம் போட்டு நின்றுவிட்டது. பினியன் பேரிங் தூளாகி, கிரவுனில் பற்கள் போயிருந்தன. வெளியே வந்த ஆயில், பால் அதிகம் ஊற்றிய டீ மாதிரி இருந்தது. புது செட், பேரிங், கூலி, வாடிப்போன காய்கறிக்குப் பணம், ஓடாத நாட்கள் என்று மொத்தம் அறுபதாயிரத்தைத் தாண்டியது. பையனின் படிப்புக்கென்று சீட்டுப் போட்டிருந்த பணம் அது.

அந்த வருஷம் கவுன்சலிங்கில் அவனுக்கு ஒரு சுயநிதிக் கல்லூரியில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை போக, மீதிக் கட்டணம், பஸ் ஃபீஸ், புத்தகம் என்று கூட்டிப் பார்த்தோம். எட்டவில்லை. "பாலிடெக்னிக்ல நேரா ரெண்டாவது வருஷம் சேர்ந்துடறேன்மா" என்று அவனே சொன்னான். வெள்ளம் வந்ததால் பணம் போய்விட்டது என்றுதான் அவனிடம் சொன்னோம். அது முழு உண்மை இல்லை.

அதனால்தான், "வாங்காதே" என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, "வாங்கு" என்று சொல்லவும் மனசு வரவில்லை. "மெக்கானிக் மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆர்டர் போடு" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் இரும்புலியூர் பட்டறைக்குப் போனோம். அவரும் வண்டியோடு வந்துவிட்டார்.

மெக்கானிக் அண்ணன் செல்போனில் படத்தைப் பார்த்தார். பிறகு ஒரு ஸ்பேனரை மகன் கையில் கொடுத்து, "தம்பி, அப்பா வண்டியில அந்த மூடிய கழட்டு" என்றார்.

மகன் வண்டிக்கு அடியில் படுத்தான். இரண்டு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "மாமா, இதுல போல்ட்டே இல்லையே?" என்றான்.

பட்டறையே சிரித்தது. எங்கள் வண்டியில் அந்த உருண்டையின் பின்பக்கம் வெல்டு வைத்து மூடியது. உள்ளே இருக்கும் கிரவுன் செட்டை முன்பக்கமாகத்தான் கழற்றி எடுக்க வேண்டும். நம் ஊர் லாரிகளிலும் லோடு வண்டிகளிலும் இந்த அமைப்பு சகஜம். அமெரிக்க பிக்-அப்களில் பின்பக்கம் சுற்றிலும் போல்ட் போட்ட தகட்டு மூடி இருக்கிறது. அதில் பலவற்றுக்கு ஆயிலை வடிக்க பிளக் கூட இருக்காது, மூடியையே கழற்றித்தான் வடிக்க வேண்டும். அவர்களுக்கு பிளக் வைத்த மூடி நிஜமாகவே சௌகரியம். எங்கள் வண்டியிலோ, அடியில் வடிக்கும் பிளக் கம்பெனியிலிருந்தே இருக்கிறது!

மகன் விடவில்லை. "போல்ட் இருக்கிற வண்டியா இருந்தா போடலாம்தானே மாமா?"

"சூடு எவ்ளோன்னு பார்த்தியா முதல்ல?" என்றார் அண்ணன். மகன் தன் பையிலிருந்து தொடாமலே சூடு பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்தான். லோடு இறக்கி நேராக வந்த வண்டி. வெளிக்கூட்டில் 68 டிகிரி காட்டியது. "இந்த ஆயிலுக்கு இதெல்லாம் ஒரு சூடே இல்ல. ரெண்டு டன், மூணு டன் டிரெயிலரைக் கட்டிக்கிட்டு மணிக்கணக்கா மலை ஏறுறவனுக்கு அது வேணும். நம்ம சிக்னலுக்கு சிக்னல் நின்னு போறவங்க."

அன்று ராத்திரி மகன் உட்கார்ந்து தேடினான். எனக்கும் படித்துக் காட்டினான். கேல் பேங்க்ஸ் என்று அமெரிக்காவில் ஒருவர், பல பத்தாண்டுகளாக இன்ஜின் வேலையில் இருப்பவர். கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் மூடிகளைப் போட்டு, ஓடும்போது ஆயில் எப்படிப் போகிறது என்று படம் பிடித்துக் காட்டியிருக்கிறார். கம்பெனி மூடி வளைவாக இருப்பதால், கிரவுன் அடிக்கும் ஆயில் அந்த வளைவிலேயே வழுக்கிக்கொண்டு முன்பக்க பேரிங்குக்குத் திரும்பிப் போகிறது. ஆழமான, தட்டையான முதுகுள்ள மூடிகளில் ஆயில் மோதிச் சிதறி நுரைக்கிறது. காபியை ஆற்றினால் நுரை வருகிறதே, அது மாதிரி. காபிக்கு நுரை அழகு. பேரிங்குக்கு நுரை ஆகாது, காற்றுக் குமிழி எப்படி வழுவழுப்புத் தரும்? பேங்க்ஸும் பிறகு சொந்தமாக ஒரு மூடி செய்து விற்கிறார், அதனால் அவர் சொல்வதையும் கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால், பார்வைக்கு முரட்டுத்தனமாக இருப்பதெல்லாம் பயனுள்ளது என்று அர்த்தமில்லை என்பது எனக்கே புரிந்தது.

எங்களுக்கு வேண்டியது வேறு என்று பட்டறையிலேயே அண்ணன் சொல்லியிருந்தார். கிரவுன் கூட்டின் மேல் மூக்கு மாதிரி ஒரு சின்னத் துளை உண்டு. பிரீதர் என்பார்கள். ஓடிச் சூடான கூடு திடீரென்று வெள்ளத்தில் முங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கியதும் அந்தத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் கலந்த ஆயில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே நிற்காது, பேரிங்கில் துருவும் பிடித்துவிடும். மேல் மூடி தங்கத்தில் இருந்தாலும் தண்ணீர் புகுந்தால் அதே கதிதான். அந்தத் துளையில் ஒரு ரப்பர் ஹோஸ் மாட்டி, லோடு பாடியின் உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டால் பாதிக் கவலை தீரும். தண்ணீரில் நின்ற வண்டி என்றால் யோசிக்காமல் ஆயிலை இறக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது அவர் முன்னாடியே வண்டியை பெருங்களத்தூர் பக்கம் மேடான இடத்தில் விட்டுவிட்டார். ஆனாலும் எல்லா வருஷமும் முன்னாடியே தெரியுமா?

அன்றைக்கே ஹோஸ் மாட்டி, ஆயிலும் மாற்றினோம். வடித்த ஆயில் கறுப்பாக, சுத்தமாக இருந்தது. மகன் ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, எனக்கும் காட்டினான். பால் கலந்த டீ நிறம் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திரும்பும்போது ஸ்கூட்டரில் அவன் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாதபோதுதான் சில விஷயங்களைச் சொல்ல முடிகிறது. "டேய், அந்த 2015 வெள்ளத்துக்கு அப்புறம் மாமா ஆயில் மாத்தச் சொன்னாருடா. நான்தான் வேணாம்னு சொன்னேன். அதனாலதான் உன் காலேஜ் பணம்..."

முடிச்சூர் ரோடு ஸ்பீடு பிரேக்கரில் வண்டியை மெதுவாக ஏற்றி இறக்கினான்.

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நோட்டுல எழுதி வட்டம் போட்டு வெச்சிருக்கியே. 'கிரவுன் ஆயில், அடுத்த மாசம்'னு. பாலிடெக்னிக் சேர்ந்த வருஷமே பார்த்தேன்."

எட்டு வருஷமாக அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்காத பிள்ளை. அந்த மூடியை ஏன் வாங்க நினைத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வீடு வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

ராத்திரி நோட்டை எடுத்தேன். 'கிரவுன் ஆயில், பிரீதர் ஹோஸ், கூலி: 1,850' என்று எழுதினேன். வட்டம் போடவில்லை.

மீதி போனஸ் பணத்தை என்ன செய்வது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அவர் டயர் என்கிறார், மகன் எனக்கு வாஷிங் மெஷின் என்கிறான். நான் குக்கர் மட்டும் கேட்டிருக்கிறேன். பழையதன் மூடி சரியாக உட்கார மாட்டேன் என்கிறது.