தனுஷ்கோடியில் இரண்டு நாள்

கோடை விடுமுறை என்றதும் உங்கள் இல்லங்களில் மாமன் வீடும், மலைவாசத் தலமும் பேச்சில் அடிபடும். பங்குத்தந்தையருக்கு அந்தக் கொடுப்பினை குறைவு. ஊரெல்லாம் ஓய்ந்திருக்கும் சனியும் ஞாயிறுமே எங்களுக்கு வேலை மிகுந்த நாள்கள். ஆதலால் எங்கள் வார இறுதி திங்கட்கிழமை தொடங்கிச் செவ்வாய்க்கிழமை முடிகின்றது. குருமடத்தில் ஒன்றாய்ப் பயின்ற நண்பர் நால்வர் ஆண்டுதோறும் மே மாதத்தில் இவ்விரு நாள்களை ஒதுக்கிக்கொண்டு எங்கேனும் புறப்பட்டுவிடுவோம். நால்வரில் மூவர் குருக்கள். நான்காமவர் தத்துவ இயல் இரண்டாம் ஆண்டில் எங்களைவிட்டுப் பிரிந்து சென்று, சிற்றூர் ஒன்றில் முப்பது ஆண்டுகள் புகைப்பட நிலையம் நடத்தியவர். அவரது இருட்டறையில் இப்பொழுது அவருடைய மருமகன் அரிசி மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்.

2025 மே மாதம் நாங்கள் தேர்ந்த இடம் தனுஷ்கோடி. எனக்கு அதில் ஒரு தனி ஆவலும் இருந்தது. சென்ற ஆண்டு பங்கு மக்கள் அன்பளிப்பாகத் தந்த கேமராவைக் கையாளவும், எடுத்த படங்களைக் கணினியில் திருத்தவும் நண்பரிடம் பாடம் கேட்பதென்று முடிவு செய்திருந்தேன். ஐம்பது வயதைக் கடந்தபின் புதிதாய் ஒன்றைக் கற்கப் புகுபவனுக்கு வரும் உற்சாகம் சற்று ஆபத்தானது என்பதை அப்போது நான் அறியவில்லை.

பாம்பனை நெருங்கும்போதே பாடம் தொடங்கிவிட்டது. 1988ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சாலைப் பாலத்தின் மேல் செல்கையில், பக்கத்தில் இரண்டு இரயில் பாலங்கள் தெரிந்தன. ஒன்று 1914ஆம் ஆண்டின் பழைய பாலம். கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாய்ப் பிரிந்து இரு கைகளைப் போல் மேலே உயர்ந்து வந்தது. மற்றது 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகின்றது. “இரண்டும் ஒரே படத்தில் வந்தால் குழப்பமாய் இருக்குமே?” என்று கேட்டேன். “ஒன்றை வெட்டிவிடலாம். இல்லாவிட்டால் அழித்தே விடலாம்” என்றார் நண்பர் சிரித்துக்கொண்டே. அச்சொல் என் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

இராமேசுவரம் துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசையாய்க் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் அவற்றிற்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்கு அத்தடை இல்லை. இரவு அங்கேயே தங்கி, மறுநாள் விடியலில் தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். சோதனைச் சாவடியைக் கடந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கதிரவன் ஒரு பனை உயரம் ஏறிவிட்டான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஏறத்தாழ ஒன்பதரை கிலோமீட்டர் தூரத்துக்கு இப்பொழுது நல்ல தார்ச்சாலை உண்டு; 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. வலப்புறம் மன்னார் வளைகுடா. இடப்புறம் பாக் நீரிணை. முன்னதை ஆண்கடல் என்றும் பின்னதைப் பெண்கடல் என்றும் அப்பகுதி மக்கள் அழைக்கின்றனர். அன்று ஆண்கடல் சீறிக்கொண்டிருந்தது. பெண்கடலோ குளம் போல் கிடந்தது.

1992ஆம் ஆண்டு குருமட மாணவனாக இருந்தபோது ஒருமுறை இங்கு வந்திருக்கிறேன். அப்போது சாலை கிடையாது. மணலிலும் சேற்றிலும் தத்தித் தத்திச் செல்லும் வேனில் எலும்பெல்லாம் ஆட்டம் காணப் பயணம் செய்தோம். இரவல் வாங்கிய கேமராவில் 36 படங்களுக்கான சுருள் ஒன்றே இருந்தது. அதில் தனுஷ்கோடிக்கு எனக்குக் கிடைத்த பங்கு இரண்டே படங்கள்.

அவ்வூரின் கதையை நீங்கள் அறிவீர்கள். சென்னை எழும்பூரில் புறப்படும் போட் மெயில் இங்கே வந்து நிற்க, பயணிகள் கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மீண்டும் இரயிலில் கொழும்பு செல்வர். இரயில் நிலையம், துறைமுகம், அஞ்சலகம், பள்ளி, கோயில் என எல்லாம் அமைந்த ஊர். 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் வந்த புயல் அதனை விழுங்கியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயிலைக் கடல் அடித்துச் சென்றது; அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரும் மாண்டனர். அதன்பின் ஊர் குடியிருக்கத் தகாத இடமென அரசால் அறிவிக்கப்பட்டது. இன்று எஞ்சி நிற்பவை சில சுவர்கள். அவற்றுள் பலரும் படமெடுப்பது கூரையிழந்த நம் கோயிலைத்தான். பவளப்பாறைக் கற்களை உப்புக் காற்று அரித்து அரித்து, அதன் சுவர்கள் இப்போது தேன்கூடு போல் இருக்கின்றன.

கோயிலின் முன்னே சங்கும் சிப்பியும் விற்கும் கடைகள் வரிசையாய் இருந்தன. நீலத் தார்ப்பாய், மூங்கில் கழிகள், சிப்பி மாலைகள், நெகிழிக் குடங்கள். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் அந்த நீலத் தார்ப்பாய் கோயிலின் கால்பகுதியை மறைத்தது. நான் முன்னும் பின்னும் நடப்பதைக் கண்ட கடைக்கார அம்மையார் ஒருவர், “வெயில்ல ஏன் நிக்கிறீங்க? உள்ள வந்து உக்காருங்க” என்று அழைத்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். எங்களில் ஒருவர் மற்றவரை ‘ஃபாதர்’ என்று விளித்ததைக் கேட்டதும் ‘சாமி’ என்று பேசத் தொடங்கிவிட்டார்.

குடிக்கத் தண்ணீர் தந்தார். உப்புக் கரிக்கவில்லை. இருபுறமும் கடல் சூழ்ந்த மணல் திட்டில் நல்ல தண்ணீர் எப்படி என்று வியந்தோம். பின்புறம் அழைத்துச் சென்று காட்டினார். மணலில் ஒரு சிறு பள்ளம், அவ்வளவே. கையால் தோண்டினால் ஊறுகின்றது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்பு நீரின்மேல் மிதந்து நிற்பதால் இவ்வாறு கிடைக்கின்றது. ஆழத் தோண்டினால் உப்புநீர்தான் வரும். புயல் அடித்தபோது தாம் கைக்குழந்தையாய் இருந்ததாகவும், தாயார் தம்மைத் தூக்கிக்கொண்டு மணல்மேட்டில் ஏறித் தப்பியதாகவும் அவர் சொன்னார். சில ஆண்டுகள் இராமேசுவரத்தில் இருந்துவிட்டு, கடலைவிட்டு இருக்க மாட்டாமல் குடும்பம் மீண்டும் இங்கேயே வந்துவிட்டதாம். கணவர் கரைவலை இழுப்பவர். மகன் வள்ளத்தில் போகிறவர். “எங்க கடையையும் சேத்து எடுங்க சாமி. பேரன் போன்ல அனுப்பி வைங்க” என்று கூறி, பேரனின் எண்ணையும் தந்தார். கடை ஓரத்தில் நிமிர்ந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார். ஓர் ஆடு குறுக்கே வந்து நின்றது. எடுத்தேன்.

மாலையானால் வெளியூர்க்காரர்களைக் காவலர்கள் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். அறைக்குத் திரும்பி, குளித்துவிட்டு, மடிக்கணினியைத் திறந்தோம். பாடம் தொடங்கியது.

முதலில் நான் கற்றது, வெண்மணலைக் கேமரா ஏன் சாம்பல் நிறமாகக் காட்டுகிறது என்பது. காட்சி எதுவாயினும் அதனை நடுத்தரச் சாம்பல் ஒளியாகவே கேமரா கணக்கிடுகின்றது. ஆகவே மணலையும் பனியையும் எடுக்கும்போது நாமே ஒளியைக் கூட்ட வேண்டும். அடுத்தது, ஜேபெக் என்னும் வழக்கமான கோப்புக்கும் ‘ரா’ கோப்புக்கும் உள்ள வேறுபாடு. முன்னதில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகளே உண்டு. 14 பிட் ‘ரா’ கோப்பிலோ 16,384 படிகள். ஆகவே நிழலில் மறைந்த முகத்தைப் பின்னர் வெளிக்கொணரலாம். ஆயினும் வெயிலில் முற்றிலும் வெளுத்துப்போன இடத்தை எந்த மென்பொருளும் மீட்டுத்தராது. அங்கே பதிவே இல்லை. இவ்வளவும் நண்பர் வெகு பொறுமையாகச் சொல்லித் தந்தார். தம் இளமையில், நன்கு சீவிய பென்சிலால் நெகட்டிவ்மீது டச்சிங் செய்ததையும் விவரித்தார். முகச் சுருக்கம் நெகட்டிவில் தெளிந்த கோடாகத் தெரியும். அதனைப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் சுருக்கம் மறையும். ஒரு மணப்பெண்ணுக்கு ஒரு மணி நேரம் ஆகுமாம்.

பிறகு அவர் காட்டியதுதான் அழிக்கும் கருவி. வேண்டாத பொருளின்மேல் சுட்டியைத் தேய்த்தால், அருகிலுள்ள மணலையும் வானத்தையும் எடுத்து அவ்விடத்தை அது நிரப்பிவிடுகின்றது. முதலில் ஒரு நெகிழிப் புட்டியை அழித்தேன். பின்னர் வேன் ஒன்றை. அதன்பின் நீலத் தார்ப்பாயை. மூங்கில், குடங்கள், சிப்பி மாலைகள், ஆடு. கடை போனபின் ஓரத்தில் தனியே நின்ற உருவம் பொருத்தமின்றித் தோன்றவே, அதனையும் தேய்த்தேன். வண்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கி, வானத்தைச் சற்றுக் கருமையாக்கினேன். ஆளரவமற்ற மணல்வெளியில் இடிந்த கோயில் மட்டும் நின்றது. நண்பர்களான குருக்கள் இருவரும் எழுந்து வந்து பார்த்து, “காலண்டரில் போடலாமப்பா!” என்று பாராட்டினர். புகைப்பட நண்பர் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. உறக்கம் என்று நினைத்தேன். அந்தப் பெருமிதத்தில், வாக்களித்தபடி பேரனின் எண்ணுக்கு அதே படத்தை அனுப்பிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை மீண்டும் சென்றோம். அம்மையார் எங்களைக் கண்டதும் அதே முகமலர்ச்சியோடு உட்காரச் சொன்னார். தண்ணீரும் தந்தார். சற்று நேரம் கழித்து, சிப்பிகளைத் துடைத்தபடியே, “படம் நல்லாருக்கு சாமி. எங்களத்தான் காணோம்” என்றார்.

நான் ஏதோ மென்பொருளைப் பற்றி விளக்கப் புகுந்தேன். அவர் குறுக்கிட்டார். “வர்றவங்க எல்லாரும் அப்படித்தான் எடுக்குறாங்க. கொஞ்சம் தள்ளி நில்லு பாட்டின்னு சொல்லுவாங்க. பேய் ஊருன்னு எழுதுறாங்களாம். பேரன் படிச்சுக் காட்டுவான். இங்க யாருமே இல்லேன்னா, எங்களுக்கு ரோடு எதுக்கு, பள்ளிக்கூடம் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?” குரலில் கோபம் இல்லை. அதுவே எனக்குக் கடினமாய் இருந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்காதவர் போல் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் வண்டியில் வெகுநேரம் பேச்சில்லை. பின்னர் புகைப்பட நண்பரே தொடங்கினார். கணினி வந்ததால் வந்த பழக்கமன்று இது என்றார். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ், நெடுக்கான அட்டைக்குள் அடங்க வேண்டுமென்று கீசாவின் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்துப் பெரும் கண்டனத்துக்கு ஆளானது; ஃபோட்டோஷாப் விற்பனைக்கு வந்ததோ 1990இல்தான். அவரும் இறந்துபோன தந்தையரைத் திருமணப் படங்களில் வெட்டி ஒட்டி, மறுபடி படமெடுத்துக் கொடுத்தவர்தாம். “ஆனால் படத்தில் இருப்பவரைக் கேட்காமல் ஒரு மருவைக்கூட நான் எடுத்ததில்லை” என்றார். “அப்படியானால் நேற்றிரவே சொல்லியிருக்கலாமே!” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டேன். “சாமியாருக்குச் சொல்ல வேண்டுமா என்றிருந்தேன்” என்றார். மற்ற இருவரும் சிரித்துவிட்டனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பங்கு இல்லத்துக்கு வந்து, அலமாரியில் இருந்த 1992ஆம் ஆண்டுப் படத்தைத் தேடி எடுத்தேன். நிறம் மங்கிச் சிவந்திருந்தது. கோயில் சுவருக்கு இப்பால் ஒருவர் வலையை உதறி உலர்த்திக்கொண்டிருக்கிறார்; அவர் காலடியில் ஒரு குழந்தை. இத்தனை ஆண்டுகளாக இப்படத்தைக் கோயில் படம் என்றே சொல்லி வந்திருக்கிறேன். அவர்களை அழிக்க அன்று என்னிடம் கருவி இல்லை.

இத்தகைய மென்பொருள்களில் ஒரு நன்மை உண்டு. மூலப்படம் தொடப்படாமல் அப்படியே இருக்கின்றது. நாம் செய்த திருத்தங்கள் தனியே குறித்து வைக்கப்படுகின்றன. ஒரே ஒரு பொத்தானை அழுத்தியதும் தார்ப்பாய், மூங்கில், குடங்கள், ஆடு, அம்மையார் எல்லாம் திரும்பி வந்தனர். இம்முறை நண்பர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, வேறு விதமாய் வேலை செய்தேன். சாய்ந்திருந்த தொடுவானத்தை நேராக்கினேன். லென்சில் படிந்த தூசிப் புள்ளியை நீக்கினேன். தார்ப்பாயின் நிழலில் இருண்டிருந்த அம்மையாரின் முகத்துக்கு மட்டும் ஒளி கூட்டினேன். தார்ப்பாயின் நீலம் அவர் கன்னத்திலும் படிந்திருந்தது; அதைச் சரிசெய்யத்தான் இரண்டு இரவுகள் பிடித்தன. நீலத்தைக் குறைத்தால் கடலும் வெளுத்துவிடுகின்றது! முகத்தை மட்டும் தனியே தேர்ந்து வண்ணத்தை மாற்றும் முறையைக் கற்ற பிறகே அது கைகூடியது.

எட்டுக்குப் பன்னிரண்டு அங்குல அளவில் பிரிண்ட் போட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு, இராமேசுவரம் சென்ற எங்கள் பங்கு இளைஞர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். ஒரு வாரம் கழித்துப் பேரனின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அம்மையார்தாம் பேசினார். படம் கடையில் தொங்குகிறதாம். வருகிறவர்கள் எல்லாரும் பார்க்கிறார்களாம். பிறகு சற்றுத் தயங்கி, “ஒண்ணே ஒண்ணு சாமி. அந்த ஆட்ட மட்டும் எடுத்துட முடியுமா? அது அடுத்த கடைக்காரி ஆடு, எங்களுக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது” என்றார்.

ஆட்டுக்காரியைக் கேட்டுச் சொல்லும்படி கூறியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.