புளியமுத்தும் கூகை உருண்டையும்

போகி

பள்ளிக்கூட வராந்தாவில் சாக்கை விரித்து, அதன்மேல் புளியமுத்தைக் கொட்டித் துண்டால் மூடி வைத்திருந்தார்கள். ஊர் இளைஞர்களும் பள்ளியும் சேர்ந்து நடத்தும் பறவைத் திருவிழாவில் முதல் பட்டறை இதுதான். ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் துண்டை எடுத்தார், ஐந்து எண்ணினார், திரும்ப மூடிவிட்டார். "எத்தனை இருக்கும், சொல்லுங்கலே."

நூறு என்றான் ஒருவன், நூற்றைம்பது என்றாள் ஒருத்தி. அம்மாக்களும் அதற்குமேல் போகவில்லை. எண்ணிப் பார்த்தால் முந்நூற்றைத் தாண்டியது. கூட்டமாக இருப்பதைக் கண் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்லும் என்றார் ஆசிரியர். பிறகு பத்து முத்தை மட்டும் ஒதுக்கி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்கச் சொன்னார். அந்த அளவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, சாக்கு முழுக்க அப்படி எத்தனை பத்து என்று எண்ண வேண்டும். இரண்டாவது சுற்றில் பாதிப் பேர் சரியான எண்ணை நெருங்கிவிட்டார்கள். குளத்தில் சிறகிக் கூட்டத்தை ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கினால், பாதியில் அது எழும்பிப் போய்விடும். அதற்காகத்தான் இந்தப் பயிற்சி.

அடுத்து, பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. 2015 முதல் பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் தமிழகம் முழுக்க நடக்கிறது. ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதி இ-பேர்டு தளத்தில் ஏற்ற வேண்டும்.

"காக்காயையுமா சார் எழுதணும்?"

எல்லா ஊரிலும் எழும் கேள்வி. ஆசிரியர் சிரிக்காமல் பதில் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. "நீ காக்காயை விட்டுட்டா, அது அங்க இல்லையா, இருந்தும் நீ எழுதலையான்னு பின்னால படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?"

இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, சுமார் முப்பதாயிரம் பறவை நோக்கர்கள் எழுதிய மூன்று கோடிக் குறிப்புகள். நம் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை குறைந்துகொண்டு வருகிறது என்று அந்த அறிக்கையில் இருக்கிறது. 'எங்கும் பார்ப்பதுதானே' என்று எல்லோரும் விட்டிருந்தால் அந்தச் சரிவு தெரிந்தே இருக்காது.

பொங்கல்

முற்றத்தில் பனை ஓலை எரிகிறது. மொட்டை மாடியில் என் பதினைந்து நிமிடம். காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், கிளி, செண்பகத்தின் குரல், பனங்காடை ஒன்று. பானை பொங்கும் நேரத்தில் மாடியில் என்ன வேலை என்று சித்தி கீழிருந்து சத்தம் போட்டாள். பட்டியலை முடிக்காமல் இறங்கவில்லை.

மாட்டுப் பொங்கல்

காலையில் மாடுகளோடு ஊரே குளத்தில். மதியத்துக்கு மேல்தான் பட்டறை. திருவிழாவில் எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

ஊர் எல்லையில் மூடிக் கிடக்கும் அரிசி ஆலையில் கூகை குடியிருக்கிறது. எலியைக் கடித்துப் பிய்க்காமல் அப்படியே விழுங்கும். சதை செரித்துவிடும். எலும்பும் மயிரும் செரிக்காமல் வயிற்றில் உருண்டையாகத் திரளும். அதைக் கக்கிவிடும். ஆலைத் தரையில் அப்படிக் கிடந்தவற்றை ஆசிரியர் பொறுக்கிவந்து, காயவைத்து, வெந்நீரில் ஊறப்போட்டிருந்தார். கட்டைவிரல் பருமன். புதிதாகக் கக்கியது கறுத்துப் பளபளக்குமாம். பழையது சாம்பல் நிறம். ஆளுக்கொரு தட்டு, ஒரு ஊக்கு, ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், கையுறை.

முதல் ஐந்து நிமிடம் 'சீ'தான். அப்புறம் ஒரு பெண்பிள்ளை மயிர்க்கட்டியைப் பிரித்ததும், "சார், இதுக்குள்ள மண்டை இருக்கு!" என்று கத்தினாள். அதன் பிறகு எந்தத் தலையும் நிமிரவில்லை.

மண்டையோடு சுண்டுவிரல் நுனி அளவு. முன்னால் வளைந்த இரண்டு வெட்டுப்பல், ஆரஞ்சு நிறத்தில். எலியின் பல் எனாமலில் இரும்பு கலந்திருப்பதால் அந்த நிறம். வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே வெற்றிடம். பக்கத்துத் தட்டில் வந்த மண்டையோ நீளமாகக் கூர்ந்திருந்தது. பல்லெல்லாம் வெள்ளை, வாய் நெடுக ஊசி ஊசியாக, இடைவெளியே இல்லை. அது மூஞ்சூறு. எலி இனத்தில் சேராது என்பதைப் படம் போட்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு தாடையையும் பக்கத்தில் வைத்ததும் ஆறாம் வகுப்புப் பையனே சொல்லிவிட்டான். ஒரே உருண்டையில் மூன்று மண்டை கிடைத்த தட்டைச் சுற்றிக் கூட்டம்.

பேத்தியைக் கூப்பிட வந்த ஆச்சி ஒருத்தி வாசலிலேயே நின்றுவிட்டாள். கூகை அலறினால் சாவு விழும் என்று வளர்ந்த தலைமுறை. மேசையில் வரிசையாக அடுக்கியிருந்த மண்டைகளைப் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் அதா தின்னுச்சு?" என்றாள். ஆசிரியர் பாடம் எடுக்கவில்லை, ஆமாம் என்று மட்டும் சொன்னார். பிசான நெல் கதிர் வாங்கும் காலம் இது. எலி என்ன பாடு படுத்தும் என்பது அவளுக்குத் தெரியாததா. அதற்குப் பின் விவசாயிகள் இரண்டு பேர் வந்து, வயலில் கூகை உட்காரத் தாங்கி நடுவது பற்றிக் கேட்டார்கள். குச்சியின் தலையில் குறுக்காக ஒரு கட்டை, பயிரைவிட உயரமாக. அதோடு எலி மருந்து வைக்காமலிருக்க வேண்டும். மருந்து தின்ற எலியைத் தின்றால் கூகைக்கும் ஆபத்து. கூகையைக் காப்பாற்றுங்கள் என்று யாரும் மேடை ஏறவில்லை.

மற்றவை: ஓவியப் போட்டி. குளம் நூறு அடி தூரத்தில் இருக்க, பிள்ளைகள் அப்பாவின் செல்போனைப் பார்த்து மயில் வரைந்தார்கள். கூடுப்பெட்டி செய்யும் அரங்கில் நல்ல கூட்டம். குறை சொல்ல மனமில்லை, ஆனால் நம் ஊர்ப் பறவைகள் எல்லாமே பொந்தில் கூடு வைப்பவை அல்ல. பெட்டி தொங்கினால் மட்டும் சிட்டுக்குருவி வந்துவிடாது. குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும் சுற்றுவட்டாரத்தில் கிடைக்க வேண்டும். அதையும் சொல்லிப் பெட்டியைக் கொடுத்திருக்கலாம்.

காணும் பொங்கல்

வேனில் ஏறிக் கூந்தன்குளம் போனோம். 1994இல் சரணாலயமானது, பரப்பு 129 ஹெக்டேர். பின்னர் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே ஊர்க்காரர்கள் காத்துவந்த குளம். நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு வைக்கும். கூரையெல்லாம் எச்சம், நாற்றம் வேறு. தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பதிலுக்கு, எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகப் போகிறது.

தொலைநோக்கி முன் வரிசை. சங்குவளை நாரை, கூழைக்கடா, ஊசிவால் வாத்து. தூரத்து மேட்டில் வரித்தலை வாத்துகள். இமயத்தைத் தாண்டி வந்த பறவை என்றதும் பையன்கள் மறுபடியும் வரிசையில் நின்றார்கள். கரையோரம் நடந்தபோது நத்தை ஓடுகள் கிடந்தன. எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பெரும்பாலானவற்றில் கீறல் இல்லை. நத்தை குத்தி நாரையின் அலகு மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி நிற்கும். அதைப் பாக்குவெட்டிபோல் வைத்து ஓட்டை நொறுக்குகிறது என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் கீழ் அலகின் நுனியை ஓட்டின் மூடிக்கு அடியில் நுழைத்து, தசையை அறுத்து, உடலை மட்டும் உருவி எடுத்துக்கொள்கிறது. முழு ஓடு கையில் இருக்கும்போது இதைச் சொன்னால் யாரும் மறக்க மாட்டார்கள்.

பெரிய லென்ஸோடு வந்த ஒருவர், வாத்துகள் பறக்கும் படம் வேண்டும் என்று கல்லை எடுத்தார். கரையில் துணி அலசிக்கொண்டிருந்த அக்கா, "அண்ணாச்சி, கல்லைக் கீழ போடுங்க. வெடியே போடாத ஊரு இது" என்றாள். போட்டுவிட்டார்.

மறுநாள்

பட்டியல்களை ஏற்றி முடித்தோம். எங்கள் ஊர்க் குளத்தில் பவளக்காலியும் உள்ளானும் குறைவு, முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான் அதிகம். ஏன் என்று எங்களுக்குள் விவாதம். மடை திறந்து அடைக்கும் பெரியவர் கேட்டுக்கொண்டே வந்தார். "குளம் நெறஞ்சு கெடக்கு, நெடுங்கால் பறவை எங்க நிக்கும்? மாசி கடைசியில தண்ணி நல்லா வத்தும், அப்ப வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரைத் திருவிழாவுக்கு யாரும் அழைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஓவியப் போட்டியை எடுத்துவிட்டு, அந்த நேரத்தில் அவரோடு கரை நடை ஒன்று வைக்க வேண்டும் என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். பரிசுக்கோப்பை வாங்கும் பணமும் மிஞ்சும்.

பொங்கலைத் தவறவிட்டவர்களுக்கு: 1998இல் தொடங்கிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள் உலகம் முழுக்க நடக்கும். தொலைநோக்கி வேண்டாம், சரணாலயத்துக்குப் போக வேண்டாம். உங்கள் மொட்டை மாடியும் பதினைந்து நிமிடமும் போதும். பிள்ளைகளையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள்.