கொலைகாரனா, பிளம்பரா?

பேரைக் கேட்டாலே வில்லன் மாதிரி இருக்கும் செல் ஒன்று உண்டு. நேச்சுரல் கில்லர் செல், சுருக்கமாக என்.கே. செல். புற்றுநோய் செல்களை அது கொல்வதைப் பார்த்து 1970களில் வைத்த பெயர். பிற்காலத்தில் குழந்தைக்காக ஏங்கும் பெண்களை இந்தப் பெயர் தூங்கவிடாமல் செய்யும் என்று யார் கண்டார்கள்!

கேள்வி என்னவோ பழையது. கருவின் மரபணுவில் பாதி அப்பாவுடையது. அடுத்தவர் சிறுநீரகத்தை வைத்தால் எதிர்த்து நிற்கும் உடம்பு, பாதி அந்நியமான கருவை மட்டும் எப்படி மாதக்கணக்கில் வைத்துக் காக்கிறது? 1953-ல் பீட்டர் மெடாவர் இதைக் கேட்டார். (1960-ல் நோபல் வாங்கிய அதே மெடாவர்தான். பரிசு இந்தக் கேள்விக்காக அல்ல.)

இப்போது ஒரு வேடிக்கை. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கர்ப்பப்பையின் உட்சுவரில் இருக்கும் வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் இந்த என்.கே. செல்கள்தான். இவை நிஜமாகவே கொலைகாரர்கள் என்றால் மனித இனமே இருந்திருக்காது. ரத்தத்தில் ஓடும் என்.கே. வேறு, கர்ப்பப்பை என்.கே. வேறு. இதற்குக் கொல்லும் குணம் ரொம்பக் குறைவு. அங்குள்ள சுருள் ரத்தக்குழாய்களை அகலப்படுத்தி, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் போக வழி செய்ய உதவுகிறது. சுத்தமான பிளம்பர் வேலை! குழாய்கள் சரியாக அகலாமல் போவதற்கும், கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் ப்ரீ-எக்லாம்ப்சியாவுக்கும் தொடர்பு உண்டு. கேம்பிரிட்ஜின் ஆஷ்லி மொஃபெட் போன்றவர்கள் பல வருடங்களாகச் சொல்லி வருவது இதைத்தான்.

ஆனால் கடைவீதியில் பழைய பெயருக்குத்தான் மவுசு. இரண்டு முறை ஐ.வி.எஃப். தோற்றுவிட்டதா? கையில் ரத்தம் எடுத்து, "என்.கே. அதிகம்" என்று ஒரு பேப்பர் வரும். கையில் ஓடும் ரத்தத்தை எண்ணினால் கர்ப்பப்பைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அதைப்பற்றி யாருக்குக் கவலை? அடுத்து ஸ்டீராய்டு. அப்புறம் இன்ட்ராலிப்பிட் டிரிப்ஸ். அது வேறொன்றுமில்லை, சாப்பிட முடியாத நோயாளிகளுக்கு நரம்பு வழியாக ஏற்றும் கொழுப்பு உணவு. சோயா எண்ணெயும் முட்டையிலிருந்து எடுத்த பாஸ்போலிப்பிடும் கலந்தது. செல்போன் வாங்கப் போனவர் தலையில் கவரையும் சேர்த்துக் கட்டுவது போலத்தான். என்ன, இங்கே பில் ரொம்பப் பெரியது.

இதற்கு முன்னாலும் ஒரு கூத்து நடந்தது. தொடர்ந்து கருச்சிதைவு ஆகும் பெண்களுக்குக் கணவரின் வெள்ளையணுக்களை ஊசியாகப் போட்டார்கள். 1999-ல் லான்செட்டில் வந்த ஒழுங்கான சோதனை, இதனால் பலன் இல்லை என்று காட்டியது. ஊசி போட்டவர்களின் நிலை மோசமாகக்கூட இருக்கலாம் என்றது. இன்றைக்கு, ரத்த என்.கே. பரிசோதனையைச் சிபாரிசு செய்வதில்லை என்கிறது ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவர் சங்கம் (2023). பிரிட்டனின் கண்காணிப்பு அமைப்பான எச்.எஃப்.இ.ஏ. இந்த வகை சிகிச்சைகளைச் சிவப்புப் பட்டியலில் வைத்தது.

இத்தனைக்கும் பிறகு ஏன் விற்கிறது? ஐ.வி.எஃப். தோற்பதற்கு முக்கியமான ஒரு காரணம் கருவிலேயே இருக்கும் குரோமோசோம் கோளாறு. முட்டையின் வயது கூடக்கூட அது கூடும். அதற்கு ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது. "இதுதான் காரணம், சரி பண்ணிடலாம்மா" என்று ஒருவர் பேப்பரை நீட்டும்போது, கடன் வாங்கி மூன்றாவது முறைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பெண் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?