ரேக்கை அப்புறம் வாங்கலாம்

பிட்ஸ்பர்க்,
ஆகஸ்ட் 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய சைக்கிள் ரேக் படங்கள் எல்லாவற்றையும் பார்த்தேன். எல்லாமே நல்ல ரேக்தான். ஆனால் எதையும் இன்றைக்கு வாங்காதே. அதைச் செருக முதலில் காரில் இடம் வேண்டுமே! டிரெய்லர் மாட்டும் இணைப்பான ஹிட்ச்சைக் காருக்குப் போட்டுக் கொடுத்தார்களா என்று கேட்டால், "பம்பருக்குக் கீழே ஏதோ கறுப்பாகத் தெரிகிறது அண்ணா" என்று எழுதியிருக்கிறாய். அது வெறும் பிளாஸ்டிக் மூடியாகவும் இருக்கலாம். ஒருமுறை குனிந்து பார். நட்டநடுவில் சதுரமான இரும்புக் குழாய் ஒன்று வாய் திறந்தபடி இருந்தால் அதுதான் ரிசீவர். இல்லையென்றால் ஹிட்ச் போடவில்லை என்று அர்த்தம்.

இருந்தால் அந்தச் சதுரத்தின் உள் அகலத்தை அளந்து சொல். உன் மாதிரிக் கார்களில் இரண்டு அளவுதான் வரும்: ஒன்றேகால் அங்குலம், இரண்டு அங்குலம். புதிதாகப் போடுவதாக இருந்தால் யோசிக்காமல் இரண்டு அங்குலமே போடச் சொல். கனமான சைக்கிளைத் தாங்குகிற உறுதியான ரேக்குகள் பெரும்பாலும் அந்த அளவுக்குத்தான் வருகின்றன. சின்ன ஓட்டையில் பெரிய ரேக்கைச் செருக அடாப்டர் விற்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ரேக்கை இன்னும் அரை அடி பின்னால் தள்ளும். ஆட்டம் கொடுக்கிற இணைப்பு ஒன்றுக்கு இரண்டாகும்.

ஓட்டை பெரிதானதால் காரின் தாங்கும் சக்தி கூடிவிட்டது என்று மாப்பிள்ளை நினைத்துக்கொள்ளப் போகிறார். அப்படியில்லை. உன் ராவ்-4 ஹைபிரிட் இழுக்கக்கூடிய எடை 1,750 பவுண்டு. ரேக் விஷயத்தில் நமக்கு அந்தக் கணக்கு உதவாது. ஹிட்ச்சின் மேல் நேர் கீழாக எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதுதான் கேள்வி. 'டங் வெயிட்' என்று மானுவலில் தனியாகப் போட்டிருக்கும். பொதுவாக இழுக்கும் எடையில் பத்தில் ஒரு பங்கு. அப்படியானால் 175 பவுண்டு. ஹிட்ச்சில் ஒட்டியிருக்கும் சீட்டில் இதைவிடப் பெரிய எண் இருக்கும். அதைப் பார்த்து மயங்கவேண்டாம். காருக்கு ஒன்று, ஹிட்ச்சுக்கு ஒன்று, ரேக்குக்கு ஒன்று என்று மூன்று எண்கள் இருக்கும். மூன்றில் எது சிறியதோ அதுதான் உன் எல்லை.

இப்போது கூட்டிப் பார். சக்கரங்களைத் தட்டில் நிறுத்தும் ரேக் ஒன்று 50 பவுண்டுக்குப் பக்கத்தில் வரும். மாப்பிள்ளையின் பேட்டரி சைக்கிள் 62 என்றாய். உன்னுடையது 30. இதற்கே 142 ஆயிற்று. பெரியவளின் சைக்கிள் 22 பவுண்டு. மூன்றாவது தட்டு போட்டு அதையும் ஏற்றினால் தட்டின் எடையும் சேர்ந்து எல்லையைத் தொட்டுவிடும். அதிலும் பாரம் எங்கே உட்கார்கிறது என்று ஒன்று இருக்கிறது. டிரெய்லர் என்றால் அதன் கனம் காரை ஒட்டியே இறங்குகிறது. சைக்கிள்களோ இரண்டு மூன்று அடி தள்ளித் தொங்குகின்றன. இடுப்பில் வைத்த குடமும் கையை நீட்டிப் பிடித்த குடமும் ஒரே தண்ணீர்தான், ஆனால் எந்தக் கை வலிக்கும் என்று உனக்கே தெரியும். ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த வலி பல மடங்காகிறது. அதனால் எல்லையைத் தொடும் வரை ஏற்றாதே.

என் யோசனை இது: இரண்டு சைக்கிள் ரேக் போதும். பிள்ளைகளின் சைக்கிள்களை முன் சக்கரத்தைக் கழற்றி டிக்கிக்குள் பழைய போர்வை விரித்துப் போட்டுக்கொள். நாலு சைக்கிள் ரேக்கை வாங்கி, ஏற்ற முடியாத கனத்தை ஏற்றி, வழி நெடுகக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டுவதைவிட அது நிம்மதி.

ஹிட்ச் பொருத்துவதை வீட்டிலேயே செய்யலாம். நான் என் காருக்கு நானேதான் போட்டேன். காருக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் இரும்புச் சட்டங்களில் துளைகள் ஏற்கெனவே இருக்கும். சில கார்களில் நட்டு உள்ளேயே பற்றவைத்திருக்கும். இல்லாத இடத்தில் போல்ட்டைச் சட்டத்துக்குள் அனுப்புவதுதான் வேடிக்கை. சுருள் சுருளான மெல்லிய கம்பி ஒன்று கூடவே வரும். அதன் நுனியில் போல்ட்டை மாட்டி, பெரிய துளை வழியாக உள்ளே விட்டு, சின்னத் துளை வழியாக மீன் பிடிப்பது மாதிரி வெளியே இழுக்க வேண்டும். கம்பி கழன்று போல்ட் உள்ளே விழுந்தால் அன்றைய பொழுது போயிற்று. சைலன்சர் வழியை மறித்தால் அதைத் தாங்கும் ரப்பர் வளையங்களில் சோப்புத் தண்ணீர் தடவி நழுவவிட்டு, அந்தரத்தில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டித் தாங்க வேண்டும். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் மாட்டிவிட்டு, அப்புறம்தான் டார்க் ரெஞ்ச் வைத்துத் தாளில் போட்டிருக்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் அடுத்த துளை நேராக வராது.

இவ்வளவும் எழுதிவிட்டு, உன்னைச் செய்யாதே என்றுதான் சொல்கிறேன். காரை உயர்த்த ஒழுங்கான ஸ்டாண்ட் உன்னிடம் இல்லை. ஹிட்ச் இரும்பு ஒரு ஆள் படுத்துக்கொண்டு தாங்கிப் பிடிக்கிற கனமில்லை. மாப்பிள்ளைக்கு முதுகு வலி வேறு. யூ-ஹால் கடைகளில் போட்டுத் தருகிறார்கள். ரேக்குக்கு மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. டிரெய்லர் விளக்குக்கான ஒயரிங் உனக்குத் தேவையில்லை. பம்பரின் அடிப் பிளாஸ்டிக்கை வெட்ட வேண்டியிருக்குமா என்றும் கேட்டுக்கொள். வெட்டிய பிறகு பார்த்து வருத்தப்படுவதில் பயனில்லை.

இனி ரேக்குக்கு வருகிறேன். டிக்கியில் பட்டை போட்டுக் கட்டுகிற வகையை மறந்துவிடு. உன் டிக்கிக் கதவில் பிளாஸ்டிக்கும் கண்ணாடியும்தான் மிச்சம். கொக்கி மாட்டக்கூட நல்ல விளிம்பு கிடையாது. கூரை மேல் ஏற்றுவதற்கு 62 பவுண்டைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். என் ஆபீஸ் நண்பர் ஒருவர் மேலே சைக்கிள் இருப்பதை மறந்து நேராக கராஜுக்குள் விட்டார். சைக்கிளும் போயிற்று, கதவும் போயிற்று.

ஹிட்ச் ரேக்கில் இரண்டு வகை. ஒன்று சைக்கிளின் மேல் பாரைப் பிடித்துத் தொங்கவிடுவது. விலையும் எடையும் குறைவு. ஆனால் சைக்கிள்கள் ஒன்றோடொன்று உரசும்; உன்னுடையது லேடீஸ் சைக்கிள், தொங்கவிட மேல் பாரே இல்லை. அதற்கென்று பொய்ப் பார் ஒன்று விற்கிறார்கள் என்றாலும், எனக்கு அது ஒட்டுப் போட்ட வேலையாகத்தான் தெரிகிறது. இன்னொன்று சக்கரங்களைத் தட்டில் நிறுத்துவது. வளைந்த கை ஒன்று முன் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும், பின் சக்கரத்துக்குப் பட்டை. சைக்கிளின் உடம்பை யாரும் தொடுவதில்லை. இதையே வாங்கு. ஒரு தட்டுக்கு எத்தனை பவுண்டு என்று மட்டும் பார். 60 என்று போட்டிருந்தால் மாப்பிள்ளையின் சைக்கிள் பேட்டரியைக் கழற்றினால்தான் உள்ளே வரும். எப்படியும் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வைப்பதுதான் முறை. கனமும் குறையும், மழைக்கும் பயமில்லை. அவருடைய மட்கார்டும் யோசிக்க வேண்டிய விஷயம். வளைந்த கை டயரைப் பிடிக்காமல் மட்கார்டைப் பிடித்தால் முதல் பயணத்திலேயே அது நசுங்கிவிடும்.

ரேக்கை ரிசீவரில் செருகி, துளைகள் நேரானதும் பின் போடுவாய். இரண்டு அங்குலத்துக்கு எட்டில் ஐந்து அங்குலப் பின், ஒன்றேகாலுக்கு அரை அங்குலம். பின் போட்டதும் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் கையைத் துடைக்கிறார்கள். பின் செய்வது ரேக் கழன்று விழாமல் பார்ப்பது மட்டும்தான். குழாய்க்கும் குழாய்க்கும் நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியை அது மூடாது. அந்த இடைவெளிதான் கடைசித் தட்டில் கையகல ஆட்டமாக வந்து நிற்கிறது. நல்ல ரேக்குகளில் உள்ளே விரிந்து கவ்வும் ஆப்போ, திருகி இறுக்கும் போல்ட்டோ இருக்கும். அதை இறுக்கிவிட்டு ரேக்கின் நுனியைப் பிடித்து முழு பலத்தோடு ஆட்டிப் பார். காரும் சேர்ந்து ஆட வேண்டும். ரேக் மட்டும் ஆடினால் இன்னும் இறுக்கு. புறப்பட்டு இருபது முப்பது மைலில் நிறுத்தி மறுபடி பார். புது இரும்பு உட்கார்ந்து கொடுக்கும். நீ வரும் வழியில் அது ஃபிரடெரிக் ஊர்ப் பக்கத்தில் வரும், ஒரு காபிக்கும் ஆயிற்று.

கனமான சைக்கிள் காரை ஒட்டி, லேசானது வெளியே. ஹேண்டில்கள் இடிக்காமல் ஒன்றைக் கிழக்கு மேற்காகவும் அடுத்ததை மேற்கு கிழக்காகவும் நிறுத்து. தண்ணீர் பாட்டில், பம்ப், பை, சின்னவனின் சீட் எல்லாம் கழற்றி உள்ளே போகட்டும். சைக்கிளுக்கு உறை போட்டு ஓட்டாதே, காற்று பிடித்து இழுக்கும். புகைக் குழாய்க்கு நேராக டயர் வருகிறதா என்று பார். அந்தச் சூட்டில் டயர் உருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

உன் காரில் காலை அசைத்தால் டிக்கி தானாகத் திறக்கும் வசதி இருந்தால் அதை முதலில் அணைத்துவை. ரேக்கைச் சாய்க்காமல் திறந்தால் கண்ணாடி போய் ஹேண்டிலில் மோதும். சாய்க்கும்போது முழுக் கனமும் உன் பக்கம் வரும், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல். ரிவர்ஸ் எடுத்தால் சென்சார் கத்தும், சில கார்கள் தானாகவே பிரேக் போட்டுவிடும். நம்பர் பிளேட்டோ விளக்கோ மறைந்தால் போலீஸ்காரர் நிறுத்தலாம், பார்த்துக்கொள். பயணம் முடிந்ததும் ரேக்கைக் கழற்றி வைத்துவிடு. குளிர்காலம் முழுக்க விட்டுவைத்தால் ரோட்டில் போடுகிற உப்பில் இரண்டு குழாயும் ஒன்றாகத் துருப்பிடித்துவிடும், பிறகு சுத்தியல்தான்.

இதெல்லாம் எதற்கு என்றால், அக்டோபர் நடுவில் கம்பர்லாண்டில் சந்திப்போம். நீங்கள் ஐ-68 வழியாக வந்தால் சைட்லிங் ஹில்லில் மலையையே 340 அடி ஆழத்துக்கு வெட்டியிருப்பதைப் பிள்ளைகள் பார்க்கலாம். அங்கே காற்று அடிக்கும், மெதுவாக வா. உன் காரைக் கம்பர்லாண்டில் விட்டுவிட்டு, பிள்ளைகளை என் காரில் ஏற்றி இரண்டு நடையாக எல்லோரும் டீல் என்ற ஊருக்குப் போவோம். சைக்கிள்களுக்கு என் ரேக்கும் இருக்கிறது. அங்கிருந்து கிரேட் அலெகனி பாசேஜ் பாதையில் கொஞ்சம் ஏறினால் 2,392 அடியில் கிழக்குக் கண்டப் பிரிவு. அதற்கு இந்தப் பக்கம் விழும் மழை மெக்சிகோ வளைகுடாவுக்கு, அந்தப் பக்கம் விழுவது செசபீக் விரிகுடாவுக்கு. அப்புறம் பிக் சாவேஜ் சுரங்கம், மூவாயிரம் அடிக்கு மேல் நீளம். விளக்கு இருந்தாலும் உள்ளே ஜில்லென்றிருக்கும், ஸ்வெட்டர் எடுத்து வை. குளிர்காலத்தில் அதை மூடிவிடுவார்கள், அதனால்தான் அக்டோபர் என்கிறேன். சுரங்கத்தைத் தாண்டினால் கம்பர்லாண்டு வரை இருபது மைலுக்கு மேல் இறக்கம்தான். பழைய ரயில் பாதை என்பதால் சரிவு மெல்லியது, பொடிக்கல் தளம். பெரியவள் தாராளமாக ஓட்டிவிடுவாள். உன் அண்ணிக்கும் ஏற்றம் பிடிக்காது என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

சனிக்கிழமைக்குள் ரிசீவர் அளவையும் மானுவலில் அந்தப் பக்கத்தின் படத்தையும் அனுப்பு. ரேக்கை அதற்கப்புறம் சேர்ந்தே தேர்ந்தெடுப்போம்.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: ரேக் பூட்டுக்கு ஒரு சாவி, பேட்டரிக்கு ஒரு சாவி. இரண்டையும் மாப்பிள்ளையிடம் கொடுக்காமல் நீயே வைத்துக்கொள்.