குப்பை அள்ளியவர்களுக்கு ஒரு மடல்

என் வலது கையில் வேலை பார்த்த பெருவிழுங்கி செல்களே, மேக்ரோஃபேஜ் என்று டாக்டர்கள் உங்களைச் சொல்கிறார்கள்.

ஊறுகாய் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். உடைந்த சில்லு மணிக்கட்டில் இறங்கியது. கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி தரும் நரம்பு அறுந்துபோயிற்று. தலைமுடியைவிட மெல்லிய நூலால் தைத்தார்கள். தைத்த டாக்டருக்கு ஸ்வீட் பாக்ஸோடு நன்றி சொல்லியாயிற்று, பாக்கி உங்களுக்குத்தான்.

அறுந்த ஒயரை முறுக்கி ஒட்டினால் லைட் எரிவதுபோல விரல் உடனே விழித்துக்கொள்ளும் என்றிருந்தேன். நடப்பது வேறு. வெட்டுக்குக் கீழே, விரல்நுனி வரைக்கும், பழைய இழை முழுவதும் செத்துச் சிதையும். அகஸ்டஸ் வாலர் தவளை நாக்கின் நரம்பை வெட்டிப் பார்த்து 1850-இலேயே இதை எழுதிவிட்டார். இழையைப் போர்த்தியிருந்த மயலின் என்ற கொழுப்புறையும் நொறுங்கும். அந்தக் கழிவில் புது இழையை வளரவிடாத புரதங்கள் உண்டு.

இழையோடு கூடவே இருக்கும் ஷ்வான் செல்கள் முடிந்தமட்டும் அள்ளின. பிறகு ரசாயனச் சேதி விட்டு உங்களைக் கூப்பிட்டன. இரண்டு மூன்று நாளில் ரத்தத்திலிருந்து வந்து இறங்கினீர்கள். கை வீங்கிச் சூடாக இருந்தபோது உங்களைத் திட்டினேன், மன்னியுங்கள். அறுந்த முனைகளுக்கு நடுவே ஆக்சிஜன் குறைவதையும் நீங்கள்தான் மோப்பம் பிடிப்பீர்களாம். நீங்கள் சைகை காட்ட, புது ரத்தக்குழாய் முளைக்கும். அதைப் பற்றிக்கொண்டு ஷ்வான் செல்கள் இடைவெளியைத் தாண்டும். அவற்றின் பின்னால் நரம்பிழை வரும். எலிகளில் இதைக் கண்டு சொன்னது 2015-இல்தான்.

விழுங்கும் செல்களின் காவல் வேலையை 1882-இல் மெசினாவில் கண்டுகொண்டவர் மெச்னிகாஃப். நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்துப் பார்த்தார். 1908-இல் நோபல் பரிசு அவருக்குப் போயிற்று, உங்களுக்கு இல்லை.

பிறகு காத்திருப்பு. நரம்பிழை வளர்வது நாளுக்குச் சுமார் 1 மி.மீ. அது எதுவரை வந்திருக்கிறது என்று உள்ளங்கையைச் சுண்டிப் பார்ப்பேன். ஷாக் அடித்தாற்போல் சுளீரென்ற இடத்தில் பால்பாயின்ட் பேனாவால் புள்ளி வைப்பேன். மாதம் ஒரு விரற்கடைக்கும் மேலாகப் புள்ளி நகர்ந்தது. அதுவரை சுடுசோறு பிசைந்து கொப்புளம் வந்ததுகூடக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரியும். ஏழாம் மாதம் ஒரு விடியலில், கோலமாவு விரலிடுக்கில் நறநறவென்றது. பாதிக் கோலத்தில் உட்கார்ந்து அழுதேன்.

குறையும் உண்டு, சொல்லாமல் விட மாட்டேன். கியான்-பாரே நோயில் நல்ல நரம்பின் மயலினையே உரித்துவிடுகிறீர்கள். தண்டுவடம் அறுந்தால் அங்கே மயலின் கழிவு மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கிறது. நரம்பு திரும்ப வளராததற்கு வேறு காரணங்களோடு அதுவும் ஒன்று. என் காயம் மணிக்கட்டில் ஆனது என் அதிர்ஷ்டம்.

ஆள்காட்டி விரல்நுனி இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது. பர்ஸுக்குள் கைவிட்டால் இரண்டு ரூபாயா ஐந்து ரூபாயா என்று தெரிவதில்லை. எடுத்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.