கண்ணன் வராத சபை

எங்கள் ஊர் பாகூர் கொம்யூனில் இருக்கிறது. ஏரிப் பாசனம், நெல், கரும்பு, ஊர் நடுவில் திரௌபதி அம்மன் கோயில். பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. சின்ன வயதில் நான் ஒரு ராத்திரிகூடத் தவறவிட்டதில்லை.

அதிலும் துகில் ராத்திரி என்றால் தனி. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் துச்சாதனன் வேஷக்காரர் முந்தானையில் கை வைக்கும் முன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிடுவார். தாயே, பொறுத்துக்கொள் என்பார். அப்புறம்தான் இழுப்பார். பாஞ்சாலி கண்ணனைக் கூப்பிட்டதும் கற்பூரம் ஏற்றுவார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டபடி அழுவாள். எல்லாரும் "கோவிந்தா, கோவிந்தா" என்போம். மனம் லேசாகி, விடியலில் வீடு திரும்பித் தூங்குவோம்.

இதை எழுதக் காரணம் ஜெயமோகனின் 'வெண்முரசு'. 2014 முதல் 2020 வரை நாளுக்கு ஒரு அத்தியாயமாக இணையத்தில் வந்த மகாபாரத நாவல் வரிசை அது. மொத்தம் 26 நாவல்கள். வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக ஓய்வு பெற்றுச் சும்மா இருந்த எனக்கு என் மகன் செல்போனில் எடுத்துக் கொடுத்தான். வடசொல் கலக்காத அந்த நடை பிடிபட எனக்கே ஒரு மாதம் ஆயிற்று. பறக்கும் நாகங்கள், பாதாள உலகம் என்று போகும் இடங்களில் சில பக்கங்களைத் தள்ளியும் விட்டேன். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்தாவது நாவல் 'பன்னிரு படைக்களம்'. 2016ல் வந்தது. சூதாட்டம் அதில்தான். என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியாதா? வில்லிபாரதம் பாடம் நடத்தியவன். பாரதி புதுச்சேரியில் இருந்து எழுதிய 'பாஞ்சாலி சபத'த்தை வகுப்பில் உரக்கப் படித்தவன். அதில் பாஞ்சாலியை இழுத்துப் போகும்போது தெருவில் நின்று வேடிக்கை பார்த்த ஜனங்களைப் பாரதி விளாசித் தள்ளியிருப்பார். ஆனாலும் சபையில் கண்ணன் அருளால் துகில் வளர்ந்துவிடும்.

இந்த நாவலில் கண்ணன் வரவில்லை.

மேலே மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அரண்மனைப் பெண்கள் தங்கள் மேலாடைகளை எடுத்து அவள்மேல் வீசுகிறார்கள். அத்தனைதான். ஆண்கள் நிறைந்த சபையில் பெண்கள் வீசிய துணி அவளை மூடுகிறது.

படித்துவிட்டு செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். முதலில் வந்தது கோபம். அம்மா அழுத அழுகையை இந்த மனுஷன் பிடுங்கிவிட்டாரே என்று. சமஸ்கிருத மூலத்தின் பல சுவடிகளை ஒப்பிட்டு புனே பண்டார்கர் நிறுவனம் கொண்டுவந்த செம்பதிப்பிலும் பாஞ்சாலி கண்ணனை வேண்டும் பகுதி இல்லை, அது பிற்சேர்க்கை என்று அடிக்குறிப்புக்குப் போய்விட்டது என்பதை முன்பே படித்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அறிவுக்குச் சொன்ன சேதி. இது வேறு எங்கோ போய்த் தைத்தது.

எங்கே என்று தெரிய இரண்டு நாள் ஆயிற்று.

1978. எனக்கு 24 வயது, வாத்தியார் வேலை கிடைத்த புதிது. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். எதிர்வீட்டு அக்காவை அவள் கொழுந்தன் தலைமுடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தான். பாகத் தகராறு. புடவை பாதி மண்ணில் கிடந்தது. எங்கள் திண்ணையில் அப்பா, பெரியவர்கள் மூன்று பேர், மடியில் செய்தித்தாளோடு நான். "அடுத்தவன் குடும்ப விஷயம்" என்று ஒருவர் சொன்னார். நான் செய்தித்தாளை மடித்தேன். மடித்து, மறுபடி விரித்தேன்.

அம்மாதான் ஓடினாள். கொடியில் காய்ந்த புடவையை உருவிக்கொண்டு ஓடி அவளைச் சுற்றினாள். அதற்குள் இன்னும் இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். எங்கள் திண்ணையைப் பார்த்து அம்மா திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அன்று ராத்திரி அப்பா அம்மாவிடம் சண்டை போட்டார். அந்தப் புடவை திரும்பி வரவில்லை, அம்மா கேட்கவும் இல்லை.

அடுத்த முறை பாரதம் வைத்தபோது அதே அம்மா துகில் ராத்திரியில் கண்ணனைக் கும்பிட்டு அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கோவிந்தா சொன்னேன். எங்கள் திண்ணை ஞாபகத்துக்கே வரவில்லை. கண்ணன் வந்து காப்பாற்றிவிட்டால், உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

வீட்டில் அவளிடம் அந்த அத்தியாயத்தைக் கதையாகச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"துணி வீசினவங்க யாரு?"

"துரியோதனன் அரண்மனைப் பொம்பளைங்க."

"அவன் வூட்டுப் பொம்பளைங்களா?" என்றாள். கொஞ்ச நேரம் கீரையையே பார்த்தாள். "அப்ப கண்ணன்தான்" என்றாள்.

என் கோபம் அத்தோடு போயிற்று. போகாதது இன்னொன்று. அந்த எதிர்வீட்டு அக்கா இன்னும் ஊரில்தான் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது, கண் சரியாகத் தெரியாது. பால் வாங்கப் போகும்போது என் செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

"வாத்தியாரே, நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன், அக்கா" என்பேன்.